நாற்பத்தொன்றாவது மூட்டை

ஜனவரி 11

அன்புக்கும் அச்சத்துக்கும் உரிய மருமகளே,

உன் தாய்மாமன் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இனி நான் எழுதப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நீயும் நம்பவேண்டாம். விஞ்ஞானி என்ற மரியாதைக்காகவாவது கடைசிவரை படித்துவிடு.

உன் பொட்டலம் பத்திரமாக வந்து சேர்ந்தது. கைக்கடிகாரம் இரண்டு, மூடி போட்ட குழாய் ஒன்று, பதினாறு பக்கப் படிவம், கூடவே உன் சீட்டு: "மாமா, நம் வீட்டார் மாலை ஏழு மணிக்கே தூங்கிவிடும் பழக்கம் எப்போது ஆரம்பித்தது? தெரிந்ததை எழுதுங்கள்." சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். இந்த வீட்டிலேயே பெரிய தூங்குமூஞ்சி என்ற பட்டத்தை ஐம்பது வருடமாக யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருப்பவன் நான்.

கேள். உன் தாத்தாவின் தாத்தா தன் கல்யாண விருந்தில், ஏழு மணி அடித்ததும், கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகுமுன் தூங்கிவிட்டார். காலை மூன்று மணிக்கு விழித்து அதே கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு, "என்ன இது, ஆறிப்போச்சு?" என்றார். எட்டு மணி நேரம் அசையாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மணப்பெண், வாழ்நாள் முழுக்க அவரோடு பேசவில்லை. ஆனாலும் ஒன்பது பிள்ளைகள்.

அப்புறம் திருடன் கதை. ஏழரை மணிக்கு நம் பேக்கரிக்குள் புகுந்தவன், மாடியிலிருந்து வந்த குறட்டை ஒலியில் அசந்து மாவு மேசைமீதே தூங்கிப்போனான். மூன்று மணிக்கு உன் தாத்தா அவனை வேலையாள் என்று நினைத்து எழுப்பி மாவு பிசையவிட்டார். பதினோரு வருடம் பிசைந்தான். நல்ல மனிதன்.

அடுத்து என் அவதாரம். ஒரு மழைநாளில் ஆலையிலிருந்து மாவு லாரி வந்தது. நாற்பது மூட்டை என்று பேச்சு. இறக்கி எண்ணினால் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றாவது மூட்டை அழுதது. அவிழ்த்துப் பார்த்தால் நான். உன் தாத்தா, "சரி, கழுவி அடுப்புப் பக்கம் வைங்க, காயட்டும்" என்றாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் நீயும் உன் அண்ணனும் எப்படி விழுந்து விழுந்து சிரிப்பீர்கள், நினைவிருக்கிறதா?

இடது கைத் தழும்பையும் கேட்பாய். முதலை. இதற்குமேல் விவரம் வேண்டாம், முதலையின் குடும்பம் வருத்தப்படும்.

என் அண்ணன் நலம், முழங்கால் மட்டும் முனகுகிறது. கடைப் பலகையில் நான் "றொட்டி" என்று எழுதிவைத்ததை நீ எட்டு வயதிலிருந்து திருத்தச் சொல்கிறாய். இன்னும் திருத்தவில்லை. திருத்தினால் வேறு கடை என்று நினைத்து ஆட்கள் திரும்பிப் போய்விடுவார்கள்.

மணி ஏழாகப் போகிறது. குடும்ப ரத்தம் வேலையைக் காட்டுகிறது. பேனா நழுவுகிறது, கண் செரு

(இவ்வளவுதான். மீதி குறட்டை.)

உன் மாமன்


ஜனவரி 24

அன்புள்ள மாமா,

நான் நலம். பெரிய மாமாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் கொடுங்கள், அவராகச் செய்துகொள்ள மாட்டார்.

உங்கள் கடிதத்தை ஆய்வகத்தில் உரக்கப் படித்தேன். எங்கள் தலைமை ஆய்வாளர் அம்மாவே சிரித்துவிட்டார். சிரித்து முடித்துவிட்டு, "இவர் எழுதற தூக்கக் குறிப்பை எப்படி நம்பறது?" என்று கேட்டார். ஆகவே மாமா, ஒரே ஒரு முறை, எனக்காக, விளையாட்டு இல்லாமல்.

விஷயம் இதுதான். நம் ஒவ்வொருவர் உடம்புக்குள்ளும் முந்நூறு கோடி எழுத்துள்ள ஒரு புத்தகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுப் புத்தகத்தில் ஒரு இடத்தில், ஒரே ஒரு எழுத்து மாறி விழுந்திருக்கிறது. அந்தப் பிழையால்தான் நம்மவர்களின் உடம்புக் கடிகாரம் ஊரைவிட நாலு மணி நேரம் முந்தி ஓடுகிறது என்று நான் சந்தேகிக்கிறேன். பெரிய மாமா, அவர் பிள்ளைகள் மூவர், சித்தி, சித்தி மகள், என் அண்ணன்: ஏழு மணிக்குத் தூங்கும் ஏழு பேரின் எச்சிலிலும் அதே பிழை இருக்கிறது. எனக்கு இல்லை. அதனால்தான் நான் ஆந்தை. நீங்கள் வைத்த பேர்தானே.

பாக்கி நீங்கள் மட்டும்தான். குழாயில் எச்சில் துப்பி அனுப்புங்கள். கைக்கடிகாரத்தை மூன்று வாரம் கழற்றாமல் கட்டியிருங்கள். கை அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து எப்போது தூங்குகிறீர்கள் என்று அதுவே பதிந்துகொள்ளும். இருப்பதே இரண்டு கடிகாரங்கள்; வீடு வீடாகச் சுற்றி, கடைசியாக உங்கள் இருவரிடமும் வந்திருக்கின்றன. ஒன்று பெரிய மாமாவுக்கு.

ஜூன் கடைசியோடு என் வேலைக்கான ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் இந்த எழுத்துதான் காரணம் என்று நிறுவிவிட்டால் நீட்டிப்பார்கள். இல்லையென்றால் பெட்டி கட்டவேண்டியதுதான். அம்மா இருந்தபோது, "எங்களை மாதிரி நீ மட்டும் ஏண்டி தூங்க மாட்டேங்கற?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அவளுக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும் என்றுதான் இந்தப் படிப்புக்கே வந்தேன். கேட்டவள் போய் இரண்டு வருடம் ஆகிறது.

படிவத்தில் ஏழாவது கேள்வியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். "உறவுமுறை குறித்து எதிர்பாராமல் ஏதாவது தெரியவந்தால் உங்களுக்குச் சொல்லவேண்டுமா?" எல்லோரிடமும் கேட்பதுதான். உங்கள் விருப்பம்.

அன்புடன்,
ஆந்தை


பிப்ரவரி 20

மேன்மை தங்கிய விஞ்ஞானியே,

இங்கு அனைவரும் நலம். உன் உத்தரவுப்படி ஒத்தடம் நடக்கிறது. அண்ணன் கத்துகிற கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல்கள் தாமாகவே மூடிக்கொள்கின்றன.

மூன்று வார விரதம் முடிந்து எல்லாவற்றையும் இத்துடன் அனுப்புகிறேன். தூக்கக் குறிப்பு இணைப்பில். "மாலை 7.00: தூங்கினேன். 7.01: இன்னும் ஆழமாகத் தூங்கினேன். 9.00: கீழே மாவு மூட்டை விழுந்தது, விழுந்ததே எனக்குத் தெரியாது, காலையில் மூட்டைதான் சொன்னது. 3.00: எழுந்தேன்." இருபத்தொரு நாளும் இதேதான். விளையாட்டு வேண்டாம் என்றாயே, அதற்காக இவ்வளவு அடக்கி எழுதியிருக்கிறேன்.

எச்சில் பற்றி உனக்குக் கவலையே வேண்டாம். ஐம்பத்தைந்து வருடமாக ஒரே அடுப்பின் ரொட்டியைத் தின்ற எச்சில். அண்ணன் எச்சிலும் என் எச்சிலும் வேறுவேறாக இருக்க வழியே இல்லை. அண்ணனும் சும்மா சொல்லக்கூடாது, உன் ஆராய்ச்சிக்காக இரண்டு கையாலும் உழைத்தார்.

ஏழாவது கேள்விக்கு "வேண்டாம்" என்று டிக் அடித்திருக்கிறேன். இருக்கிற உறவுக்காரர்களையே சமாளிக்க முடியவில்லை, புதிதாக வேறு தெரியவர வேண்டுமா?

உன் ஒப்பந்தம் நீளும். ஜூன் வரை என்ன, நீயே ஓய்வுபெற அலுத்துப்போகும்வரை நீளும். பெட்டியைப் பரண்மேல் போடு.

உன் மாமன்


மார்ச் 30

அன்புள்ள மாமா,

எல்லோரும் நலம்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எழுத மனம் வரவில்லை.

உங்கள் எச்சிலில் அந்தப் பிழை இல்லை. மூன்று முறை பார்த்துவிட்டோம். அந்த இடத்தில் எழுத்து சரியாக இருக்கிறது.

கடிகாரமோ நீங்கள் தினமும் ஏழு மணிக்குத் தூங்குவதாகக் காட்டுகிறது. இதன் அர்த்தம் என்னவென்று எங்கள் ஆய்வாளர் அம்மா வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினார். "பிழை இல்லாத ஒருத்தரும் ஏழு மணிக்குத் தூங்கறார்னா, தூக்கத்துக்குக் காரணம் அந்தப் பிழை இல்லை. வேற எதுவோ. ரெண்டு வருஷமா தப்பான எழுத்தைப் பிடிச்சுத் தொங்கிட்டிருக்கோம்." சொல்லிவிட்டுப் பலகையைத் துடைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இது உங்கள் தவறு இல்லை மாமா. நீங்கள் நீங்களாக இருந்தீர்கள், அவ்வளவுதான். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மே மாதத்திலிருந்து என் மேசையை இன்னொருவருக்குக் கொடுக்கிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆந்தை


ஏப்ரல் 9

அன்புள்ள மருமகளே,

நலம். அங்கும் நலமே என்று எழுதிப் பழகிய கை, இந்த முறை தயங்குகிறது.

எனக்கு ஒரு யோசனை. என் எச்சிலைக் கொட்டிவிடு. நான் அன்று பல் துலக்கவில்லை. அல்லது தபாலில் வெயில் பட்டுக் கெட்டுப்போயிருக்கும். அல்லது குழாய் மாறியிருக்கும். நான் உயிரோடு இருப்பதையே உங்கள் ஆய்வாளர் அம்மாவிடம் மறுத்துவிடு. "அப்படி ஒரு மாமா எனக்கு இல்லை, அது நானே கட்டிவிட்ட ஆள்" என்று சொல். என் கடிதங்களைப் படித்த எவரும் நம்பிவிடுவார்கள்.

மேசையை யாருக்கும் கொடுக்காதே. இன்னும் கொஞ்சம் பொறு.

உன் மாமன்


ஏப்ரல் 18

மாமா,

நலம்.

ஒருவர் கணக்குக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக அவரைத் தூக்கி எறிய முடியாது. அப்படி எறிந்தால் நான் செய்வதற்குப் பேர் ஆராய்ச்சி இல்லை, ஏமாற்று. உங்களை இல்லை என்று எப்படிச் சொல்வேன்? நீங்கள் இருக்கிறீர்கள். ஏழு மணிக்குத் தூங்குகிறீர்கள். பிழை இல்லாமல் தூங்குகிறீர்கள். அதோடு முடிந்தது.

பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன்.

ஆந்தை


ஏப்ரல் 29

மருமகளே,

இங்கே நலம். அதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், மீதி அவ்வளவு நன்றாக இருக்காது.

பத்து நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். என் பாணியில் எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் முதலையும் மூட்டையும் இல்லாமல் எழுதுகிறேன்.

உன் கடிகாரத்தை நான் கட்டவே இல்லை.

உன் பொட்டலம் வந்து இரண்டு வாரம் கழித்து, காலையில் அண்ணன் மாவு மேசையில் நின்றிருந்தார். அவருடையதை இடது கையில் கட்டியிருந்தார். நான் என்னுடையதை எடுத்துக்கொண்டு போனேன்.

"அண்ணே, இதையும் கட்டிக்கங்க."

"இது உன்னோடதாச்சே."

"எனக்கு அரிக்குது."

அண்ணன் என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். வலது கையிலிருந்த மாவைத் துணியில் நிதானமாகத் துடைத்துக்கொண்டு, அந்தக் கையை நீட்டினார்.

"இறுக்கிக் கட்டாத," என்றார்.

மூன்று வாரம் இரண்டு கையிலும் கடிகாரத்தோடு மாவு பிசைந்தார். வாடிக்கையாளர்கள் கேட்டால், "ஒண்ணு நின்னுபோனா இன்னொண்ணு இருக்கட்டும்னு" என்றார். எங்கள் இருவரின் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார். ஒரே நிமிடத்தில் தூங்கி ஒரே நிமிடத்தில் எழுந்திருப்போம். இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட அவ்வளவு ஒற்றுமை வராது.

நான் ஏழு மணிக்குத் தூங்குகிறவன் இல்லை. என்றுமே தூங்கியதில்லை.

உன் அம்மாவிடம், ஆராய்ச்சி அம்மாவிடம், இதை அப்படியே காட்டு. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கடைப் பலகைக்கும் மளிகைச் சீட்டுக்கும் தவிர நான் கையெழுத்துப் போட்ட முதல் உண்மை இது.

உன் மாமன்


மே 8

அன்புள்ள மாமா,

நலம். எனக்கு இப்போது கோபம், அழுகை, நிம்மதி மூன்றும் ஒரே நேரத்தில். எந்த வரிசையில் எழுதுவது என்று தெரியவில்லை.

கோபம்: இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் வைத்தேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை இரண்டும் ஒரே நிமிடத்தில் கழற்றப்பட்டு, இருபது நிமிடம் கழித்து ஒரே நிமிடத்தில் கட்டப்பட்டிருக்கின்றன. பெரிய மாமா குளித்திருக்கிறார். நான்தான் முதலிலேயே பார்த்திருக்கவேண்டும். அதைவிட, உங்கள் பதிவில் பகல் தூக்கமே இல்லை! பன்னிரண்டு மணிக்கு மாவு மூட்டைமேல் நீங்கள் சாயாத நாள் ஒன்று இந்த உலகத்தில் உண்டா? தூங்குமூஞ்சி என்ற பேரே அதனால்தானே வந்தது. அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

நிம்மதி: எங்கள் ஆய்வாளர் அம்மா உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பலகையில் அந்த எழுத்தை மறுபடி எழுதினார். பிழை உள்ள ஏழு பேர் ஏழு மணிக்குத் தூங்குகிறார்கள்; பிழை இல்லாதவர்கள் தூங்குவதில்லை. எல்லாம் பொருந்திவிட்டது. மேசையைத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள்.

மாமா, இதை ஏன் மறைத்தீர்கள்? இந்தப் பிழை எல்லாருக்கும் வருவதில்லை. ஒரு வீட்டில் பாதிப் பேருக்கு வரும், பாதிப் பேருக்கு வராது. எனக்கு வரவில்லை, அதற்காக நான் அந்த வீட்டுப் பெண் இல்லையா?

சின்ன வயதில் ஏழு மணிக்கு மேல் வீடு முழுக்க மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். நான் ஒருத்திதான் விழித்திருக்கிறேன் என்று எவ்வளவு பயந்திருக்கிறேன் தெரியுமா? மாடிப்படி விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். அம்மா அணைக்க மறந்துவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டு, அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். மேலே நீங்களும் விழித்துக்கொண்டுதான் இருந்தீர்களா?

இத்துடன் ஒரு கடிகாரம். இந்த முறை உங்கள் கையில்.

ஆந்தை


ஜூன் 22

அன்புள்ள மாமா,

கடிகாரம் வந்தது. கடிதம் வரவில்லை. பொட்டலத்தைத் தலைகீழாக உதறிப் பார்த்தேன். நீங்கள் ஒரு வரிகூட எழுதாமல் எதையும் அனுப்பி நான் பார்த்ததில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

பதிவைப் பார்த்தேன். ஆராய்ச்சிக்காரியாகப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. ஏழு மணிக்குக் கை அசைவு நின்றுவிடுகிறது. ஆனால் தூங்கவில்லை என்று நாடித்துடிப்பு சொல்கிறது. அசையாமல் படுத்திருக்கிறீர்கள். உண்மையில் தூங்குவது பன்னிரண்டரைக்கு. மூன்று மணிக்கு அடுப்புக்கு எழுந்துவிடுகிறீர்கள். இருபத்தொரு இரவில் ஒன்றுகூட மூன்று மணி நேரத்தைத் தாண்டவில்லை.

எத்தனை வருடமாக மாமா?

கையில் இருக்கும் தழும்பைப் பற்றியும் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

என் ஒப்பந்தத்தை இரண்டு வருடம் நீட்டிவிட்டார்கள். கட்டுரை தயாராகிவிட்டது. அனுப்புவதற்கு முன் எல்லோருடைய எச்சிலையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, யார் யாருக்கு என்ன உறவு என்று சரிபார்ப்பது வழக்கம். போன வாரம் அதையும் செய்தார்கள்.

கட்டுரையில் ஒரு குடும்பப் படம் வரும். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். ஏழு மணிக்குத் தூங்குகிறவர்களின் கட்டம் கறுப்பாக இருக்கும். அம்மாவின் வட்டம் கறுப்பு, அதன்மேல் ஒரு சாய்கோடு, இறந்துவிட்டதால். உங்களுக்கு வெள்ளைச் சதுரம், அம்மாவுக்குப் பக்கத்திலேயே. அந்தச் சதுரத்தை மேலே தாத்தா பாட்டியோடு சேர்க்கும் கோட்டை மட்டும் இன்னும் போடவில்லை. கோட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று முழுக்கோடு. இன்னொன்று விட்டு விட்டுப் போவது.

ஏழாவது கேள்விக்கு நீங்கள் "வேண்டாம்" என்று டிக் அடித்திருக்கிறீர்கள். விதிப்படி நான் எதையும் சொல்லக்கூடாது. சொல்லவும் மாட்டேன். கேட்க மட்டும் செய்யலாம். இப்போதும் வேண்டாமா?

நீங்கள் எந்தக் கோடு சொல்கிறீர்களோ, அதைப் போடுகிறேன். இல்லை, உங்கள் கட்டமே வேண்டாம் என்றாலும் சரி. பதிலுக்குக் காத்திருக்கிறேன். அவசரம் இல்லை.

அன்புடன்,
உங்கள் ஆந்தை


ஜூலை 6

அன்புள்ள மருமகளே,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதத்தைப் பார்த்ததும் முதலில் என்ன தோன்றியது தெரியுமா? இத்தனை வருடத்தில் கடைப் பலகை, மளிகைச் சீட்டு, உனக்கு எழுதிய கடிதம் என்று நான் எழுதியதில் எழுத்துப் பிழை இல்லாத இடமே கிடையாது. கடைசியில் ஒரே ஒரு இடத்தில் பிழையில்லாமல் இருந்திருக்கிறேன், அதற்குப் போய் இந்தப் பாடு.

நீ சொல்லவேண்டாம். நானே சொல்கிறேன்.

மாவு லாரி ஓட்டிவந்தவருக்கு மனைவி இல்லை, சின்னப் பிள்ளை ஒன்று இருந்தது. முன் இருக்கையில் உட்காரவைத்தால் தூங்கி விழுகிறது என்று, மூட்டைகளுக்கு நடுவே சாக்கால் சுற்றிப் படுக்கவைத்திருந்தார். இறக்கும்போது அழுதேன். உன் தாத்தா தூக்கினார். "அடுத்த லோடு வர்றப்போ எடுத்துக்கறேன், ஒரு வாரம் பாத்துக்கங்க" என்றார் லாரிக்காரர். அடுத்த லோடை வேறு ஆள் ஓட்டிவந்தார். எனக்கு அப்போது மூன்று வயது.

எனக்கு நினைவு தெரிந்ததெல்லாம் ஏழு மணிதான். வரிசையாகப் பாய். அண்ணன், பெரிய அக்கா (உன் அம்மா), சின்ன அக்கா, நான். விளக்கை அணைத்ததும் மூன்று பேரும் கல் விழுந்த மாதிரி தூங்கிவிடுவார்கள். நான் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். ஒருநாள் வீட்டுக்கு வந்த உறவுக்காரி ஒருத்தி, நான் விழித்திருப்பதைப் பார்த்துவிட்டு, உன் பாட்டியிடம் சொன்னாள்: "இந்த வீட்டு ரத்தமா இருந்தா ஏழு மணிக்குக் கண்ணு செருகணுமே. இது எத்தனை வருஷம் ஆனாலும் ஒட்டாது, பேசாம அனுப்பிடுங்க." உன் பாட்டி, "வாயை மூடு" என்றாள். எனக்கு அது காதில் விழவில்லை. முன்னால் சொன்னதுதான் விழுந்தது. அடுத்த லாரி எப்போது வரும் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் ஏழு மணிக்கு உன் அம்மா தூங்குவதற்கு முன் என் பக்கம் திரும்பினாள். ஒன்பது வயது அவளுக்கு. என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணை மூடிக்கோடா," என்றாள். "மூடிட்டா யார் தூங்கறா, யார் தூங்கலன்னு ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாரும் ஒண்ணுதான்."

சொல்லி முடித்த மறுநொடி தூங்கிவிட்டாள், விரலை விடாமல். நான் மூடிக்கொண்டேன். அவள் பிடி தளர எட்டரை ஆகும். அசைந்தால் எழுந்துவிடுவாளோ என்று அசையமாட்டேன். அப்படித்தான் அசையாமல் கிடக்கப் பழகினேன். உன் கடிகாரம் கண்டுபிடித்தது அதைத்தான். அவள் கல்யாணமாகிப் பின்கட்டுக்குக் குடிபோனபிறகும், அவள் போய்ச் சேர்ந்தபிறகும், ஏழு மணி ஆனால் விளக்கை அணைத்துக் கண்ணை மூடிக்கொள்வேன். வேறு எப்படி இருப்பது என்று தெரியவில்லை. கல்யாணம் வேண்டாம் என்றதும் அதனால்தான். பக்கத்தில் படுப்பவளுக்குத் தெரிந்துவிடும்.

நீ கேட்கவில்லை என்று எழுதியதற்கும் பதில். அந்த முதலைக்கு வாய் இரும்பு, வயிற்றில் நெருப்பு. காலை நாலு மணி. அதன் முன் உட்கார்ந்து ஒரு நிமிடம் அசந்துவிட்டேன்.

மாடிப்படி விளக்கைப் பற்றியும் கேட்டிருந்தாய். உன் அம்மா எதையும் மறக்கிறவள் இல்லை. மாடியிலிருந்து இறங்கிவந்து நான்தான் போடுவேன். இருட்டில் நீ புரளும் சத்தம் மாடிவரை கேட்கும். வந்து பேச்சுக்கொடுத்திருக்கலாம். கொடுத்தால் நான் விழித்திருப்பது உனக்குத் தெரிந்துவிடுமே. பக்கத்திலேயே இன்னொரு ஆந்தை இருந்தும் உன்னைத் தனியாகப் பயப்பட விட்டுவிட்டேன். தழும்பைவிட அதுதான் இப்போது எரிகிறது.

நேற்று அண்ணனிடம் சொன்னேன்.

"ஆந்தைக்கு எல்லாத்தையும் எழுதப்போறேண்ணே."

"எதை?"

"நான் இத்தனை வருஷமா தூங்கற மாதிரி நடிச்சதை."

"அது இன்னுமா அவளுக்குத் தெரியாது?" என்றார். மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. "மாவு உப்பலைன்னா தொடாமலே சொல்றவன்டா நான். மூணு மணிக்கு உன் மூஞ்சியைப் பார்த்தா மனுஷன் தூங்கினானா இல்லையான்னு தெரியாதா?"

"தெரிஞ்சுமா சொல்லல? அம்பது வருஷமா?"

"நீ மெனக்கெட்டு வெளக்கை அணைச்சுட்டுப் படுக்கற. உனக்கு அது வேணும்போல இருக்குன்னு விட்டுட்டேன்." கொஞ்ச நேரம் பிசைந்தார். "அன்னிக்கு லாரியிலேர்ந்து மூட்டை இறக்கினதே நானும் அப்பாவும்தானே. எனக்குத் தெரியாததை நீ என்னடா மறைக்கப்போற? நாளைலேர்ந்து எட்டு மணிக்கு வந்தா போதும். மூணு மணி அடுப்பு என்னோடது."

"உங்க முழங்கால்?"

"அது உன்னை மாதிரிதான். சும்மா சத்தம் போடும், வேலை செய்யும்."

நேற்று ஏழு மணிக்கு விளக்கை அணைக்கவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலைத் திறந்தேன். தெருவில் ஆட்கள் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள், எதிர்வீட்டில் யாரோ பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். ஏழு மணிக்கு மேல் உலகம் இவ்வளவு இருக்கும் என்று தெரியும், ஆனால் வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. பன்னிரண்டரைக்குப் படுத்தேன். விழித்தபோது முகத்தில் வெயில். கீழேயிருந்து ரொட்டி வாசனை. அடுப்பு வேலைக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாக, நான் சுடாத ரொட்டியின் வாசனைக்கு எழுந்தேன். கொஞ்சம் கருகியிருந்தது. அண்ணனிடம் சொல்லவில்லை.

படத்துக்கு விட்டு விட்டுப் போகும் கோடே போடு, எடுத்து வளர்த்த பிள்ளைக்கு அதுதானே. உன் ஆராய்ச்சியில் இன்னொரு பொய் என் பேரில் இருக்கக்கூடாது. விட்டு விட்டுப் போனாலும் மேலே போய்த்தானே சேர்கிறது? சதுரத்தை மட்டும் உன் அம்மாவின் வட்டத்தைவிட்டு நகர்த்திவிடாதே. ஒரு விரல் தூரம் போதும்.

வேளைக்குச் சாப்பிடு. என்னை மாதிரி இல்லாமல், தூக்கம் வந்ததும் தூங்கு.

கடைசியாக, ஆராய்ச்சிக்கு உபயோகமாக ஒரு திருத்தம். ஜனவரியில் உனக்கு எழுதிய கடிதத்தில் கவளம் புளுகு. திருடன் புளுகு, பதினோரு வருடமும் புளுகு. ஒன்பது பிள்ளைகள் புளுகு. கண் செருகியது பெரிய புளுகு. மூட்டைகூட நாற்பது இல்லை, அன்று வந்தது இருபத்திரண்டுதான். அவற்றில் ஒன்று அழுதது. அது மட்டும் உண்மை.

உன் மாமன்